வார்டு வாசலில் சொன்ன பொய்

ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைத்தேன். போன ஜனவரியில். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் – இந்தப் பத்தியில் வாராவாரம் ஊரைக் குறை சொல்பவன், இந்த வாரமாவது யோக்கியமாக இருக்கப் பார்க்கிறேன்.

நண்பர் ராமநாதனுக்கு இதய ஆபரேஷன். டெல்லி ஜனக்புரியில் என் வீட்டிலிருந்து கிளம்பி மருத்துவமனைக்குப் போனேன். பனிக்காலம், ஊரெல்லாம் ஃப்ளூ. ஹோலி வரை வார்டுக்குள் மாஸ்க் கட்டாயம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எனக்கோ மாஸ்க் போட்டால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும். தொண்டையில் லேசாகக் கரகரப்பு... டெல்லிக் குளிரில் அது யாருக்குத்தான் இல்லை?

வார்டு வாசலில் மாஸ்க் பெட்டியோடு ஒரு பெண். இந்தியில் தடுத்தாள். நானும் இந்தியில் தட்டிக் கழித்தேன்.

"பெருசு கேக்காது போலிருக்கே" என்று முணுமுணுத்தாள். தமிழில்!

"பெருசுக்குக் காது நல்லாக் கேக்கும். எந்த ஊரும்மா?"

நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ... கள்ளக்குறிச்சி பக்கம் சார்."

"அட, நான் விழுப்புரம். பேரென்ன?"

"செல்வி சார். மாஸ்க் போடாம உள்ள போவ முடியாது சார். சிஸ்டர் பாத்தா என்னைத்தான் கேப்பாங்க. கான்ட்ராக்ட் வேலை சார்..."

"நமக்குள்ள என்னம்மா ரூலு? ரெண்டே நிமிஷம்."

அவள் கை நீட்டியபடி நிற்க, நான் உள்ளே போய்விட்டேன். ஊர்ப்பாசத்தை இப்படித்தான் நாம் டெல்லியில் செலவழிக்கிறோம் – வரிசையைத் தாண்ட, விதியைத் தாண்ட. கஷ்டத்தில் இருப்பவருக்குக் கை கொடுக்க மட்டும் அது ஞாபகம் வருவதில்லை.

ராமநாதன் கையைப் பிடித்துக்கொண்டு பேசினேன். இரண்டு முறை இருமினேன். தலைமை நர்ஸ் வந்துவிட்டார். மாஸ்க் இல்லாமல் யார் உள்ளே விட்டது?

முப்பத்தைந்து வருடம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். தப்பு நடந்தால் அது நமக்குக் கீழே இருப்பவர் மேஜையில்தான் தொடங்கியது என்று காட்டுவது கை தானாகச் செய்யும் வேலை. கை நீண்டது, வாசலை நோக்கி.

"அந்தப் பெண்தான், 'பரவாயில்லை, போங்கள்' என்றாள்."

செல்வி என்னைப் பார்த்தாள். மறுத்துப் பேசியிருந்தால் மட்டும் யார் நம்பியிருப்பார்கள்?

மூன்றாம் நாள் ராமநாதனுக்குக் காய்ச்சல், மூச்சுத் திணறல். மறுபடி ஐ.சி.யூ. என்னால்தானா? டாக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குள் வாசலில் வேறு ஆள். செல்வியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம்.

ராமநாதன் பிழைத்தார். வார்டுக்குத் திரும்பியதும் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பக்கம் திரும்பினார்.

"என்னைக் கொன்னிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன்டா. அந்தப் பொண்ணை எதுக்குடா மாட்டிவிட்டே?"

அன்றே ஒரு பக்கம் எழுதி, நர்ஸிங் சூப்பரிண்டெண்டென்ட் கையில் கொடுத்தேன். அவள் தடுத்தாள், நான் மீறினேன், பிறகு பொய் சொன்னேன் – மூன்றே விஷயம். அவர் இரண்டு முறை படித்தார். "இந்த வயசில் இதையெல்லாம் எழுத்தில் தரணுமா, அங்கிள்ஜி?" என்றார். தரணும் என்றேன். என் எதிரிலேயே கான்ட்ராக்டருக்கு போன் போட்டார்.

பத்து நாள் கழித்து செல்வி அதே வாசலில் இருந்தாள். நான் மாஸ்க்கோடுதான் போனேன்.

"செல்வி... நான் பண்ணினது பெரிய தப்பு. மன்னிச்சிடும்மா."

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"அங்கிள்ஜி, மாஸ்க் நாக் கே ஊபர் கீஜியே" என்றாள், இந்தியில்.

மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கியிருந்தது. மேலே ஏற்றிக்கொண்டேன்.

எனக்குப் பின்னால் வந்த பெண்மணியிடம், "வாங்கக்கா, அண்ணன் ராத்திரி தூங்கினாரா?" என்று விசாரித்தாள், தமிழில்.