வாசலோரப் பலகைச் சாராள்

எங்கள் சபையில் ஒருவன் பெண்டாட்டியை விட்டுவிட்டு வேறொருத்தியோடு ஓடிப்போனால் அது பாவம். திரும்பி வந்து எல்லார் முன்னாலும் குப்புற விழுந்து அழுதால் பாவம் போயிற்று. வீட்டில் விடப்பட்டவள் இருக்கிறாளே, அவள் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது, சோறு வடித்து வைத்துக் காத்திருக்க வேண்டும். சாராள் அப்படிக் காத்திருக்கவில்லை. அதனால் அவளைப் பாவி என்றோம். நல்ல நியாயம் போங்கள்!

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பண்ணையில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவள் சாராள். மோசஸுக்கு அவளைக் கட்டி வைத்தது எங்கள் கோயிலில்தான். சுதந்திரம் வந்த வருஷம், மகள் எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது, மோசஸ் சூலூர்ப்பேட்டைக்காரி ஒருத்தியின் பின்னால் ரயிலேறிப் போய்விட்டான். சாராள் ரைஸ் மில்லில் வேலைக்குச் சேர்ந்தாள். நெல்லை அவிப்பாள், உச்சிவெயிலில் களத்தில் நின்று காலால் கிளறிக் காயவைப்பாள். தானே மண் குழைத்துச் சுவர் வைத்து, ஓலை வேய்ந்து ஒரு குடிசை கட்டிக்கொண்டாள். சாப்பிட்டாயா என்று கேட்க சபையிலிருந்து ஒரு குஞ்சும் அந்தப் பக்கம் போனதில்லை.

ஒரே ஒரு தடவை போதகர் போனார். மில் குமாஸ்தா துளசிராமன், “கோர்ட்டுல எய்திக் குட்து தீத்துக்கோம்மா” என்று அவளுக்கு யோசனை சொன்னது அவர் காதுக்கு எட்டிவிட்டது. அலறியடித்துக்கொண்டு ஓடினார். விவாகரத்து என்று நினைப்பதே பாவம், ஆண்டவர் போட்ட முடிச்சை அவிழ்க்க மனிதனுக்கு அதிகாரமில்லை என்று வெகுநேரம் பேசினார். சாராள் நெல் புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவன் ரயிலேறுன அன்னிக்கே எல்லாம் தீந்துபோச்சே ஐயா. இன்னும் இன்னாத்த தீக்கறது?” என்றாள். கோர்ட்டுக்குப் போகவும் இல்லை.

ஐம்பத்தாறில் சூலூர்ப்பேட்டைக்காரி துரத்தியடித்த பிறகு மோசஸ் வந்து சேர்ந்தான். எண்ணெய் வழிய வாரிய தலை, கொழுத்த கன்னம், பேச்சுக்குப் பேச்சு ‘நைனா’. ஞாயிறு ஆராதனையில் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தான். அடேயப்பா, என்ன அழுகை! பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். போதகர் கட்டித் தழுவினார். சபைக் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் ஜோசப் அன்றைக்கே கிடா வெட்டி விருந்து வைத்தார். சாராளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டோமா? கறி தின்னவே நேரம் சரியாக இருந்தது.

விருந்து முடிந்ததும் போதகரும் மூப்பரும் மோசஸைக் கூட்டிக்கொண்டு அவள் குடிசைக்குப் போனார்கள். பின்னாலேயே நாங்களும் வேடிக்கை பார்க்கப் போனோம்.

சாராள் வாசலை மறித்து நின்றாள். “நான் இவர மன்னிச்சிட்டேன் ஐயா. மன்சுல ஒன்னுமில்ல. ஆனா ஊட்டுக்குள்ள வோணாம். எம்பொண்ணு பெர்சாயிக்கினு வரா.”

“கதவைச் சாத்திக்கொண்டு மன்னிக்கிறதா? அது மன்னிப்பே இல்லை” என்றார் போதகர்.

“சபை மன்னிச்சிட்சி இல்ல? அப்ப சபையே வச்சிக்கட்டும்.”

ஜோசப்புக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “தோ பாரு, மன்னிப்புன்னா இன்னான்னு நான் காட்றேன்” என்று மோசஸின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

சாராளுக்குச் சபை தண்டனை கொடுத்தது. புருஷனைச் சேர்த்துக்கொள்ளும்வரை அவளுக்குத் திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கிடையாது, வாசலோரப் பலகையில்தான் உட்கார வேண்டும். மாதாமாதம் திருவிருந்துக்கு முன்னால் போதகர் அந்தப் பலகையைப் பார்த்தபடியே, “யாரையாவது மன்னிக்காதவர்கள் இந்தப் பாத்திரத்தைத் தொட வேண்டாம்” என்பார். அப்பத்தோடு ரசப் பாத்திரம் எல்லாரையும் சுற்றி வரும், அவளிடம் மட்டும் வராது. ஆண்டவர் பந்தியில் தனக்கு இடமில்லையே என்று சாராளுக்கு நெஞ்சு வெந்தது. அழுதாள். ஆனாலும் கதவைத் திறக்கவில்லை.

ஜோசப் வீட்டில் மோசஸ் மாப்பிள்ளைபோல இருந்தான். கட்டிலில் காலாட்டிக்கொண்டு நாஷ்டா கேட்டான். மூப்பர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஒருநாள் அடுப்பங்கரையில் அவன் மூப்பரின் மனைவி ஞானம்மாவின் கையைப் பிடித்துவிட்டான். அவ்வளவுதான். ஜோசப் செருப்பைக் கழற்றி, ஸ்டேஷன்வரை அடித்துக்கொண்டே போய் ரயிலேற்றிவிட்டார். மூப்பருடைய கோபம் நியாயமானது என்று போதகர் சொன்னார். சாராளுக்குச் செய்தபோது அழுதால் போகிற பாவம், மூப்பர் வீட்டு அடுப்பங்கரைக்கு வந்ததும் மகா பாவமாகிவிட்டது. தூ!

அடுத்த திருவிருந்து வந்தது. போதகர் வழக்கமான எச்சரிக்கையைச் சொன்னார். ஜோசப் வழக்கம்போலப் பாத்திரத்தை ஏந்தி வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தார். வாசலோரப் பலகைக்கு முந்தின வரிசை முடிந்ததும் திரும்பப் போனவரை சாராள் எழுந்து நிறுத்தினாள்.

“ஜோசப்பண்ணா, மோசஸ மன்னிச்சிட்டியா?”

“உட்காரம்மா!” என்றார் போதகர்.

“ஊட்ல சேத்துக்கினியான்னு கேக்கல ஐயா. மன்சுல மன்னிச்சிட்டாரான்னுதான் கேக்கறேன்.”

ஜோசப்பின் கழுத்து நரம்பு புடைத்தது. “அந்த நாயையா? சாவற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்!” என்று கத்திவிட்டார். கையில் பாத்திரம் இருந்தது.

“நான் மன்னிச்சி ரொம்ப நாளாச்சுண்ணா. அத்த இங்க குட்து நீ இப்டி ஒக்காரு” என்றாள் சாராள்.

சாராள் பாத்திரத்தை வாங்கிக் குடித்தாள். பிறகு பலகையில் நகர்ந்து உட்கார்ந்து மூப்பருக்கு இடம் விட்டாள்.