தறிச் சத்தத்துக்குள் ஒரு விசில்

வாய் கொப்பளித்த தண்ணீர்தான் முதலில் காட்டிக்கொடுத்தது. காலையில் குழாயடியில் குனிந்து துப்பினேன். நேராக விழவேண்டிய தண்ணீர் இடது கடைவாயில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. பக்கத்து வீட்டுக்காரி முந்தின நாள் கொடுத்த சுண்டலில் ஏதாவது இருந்திருக்குமோ என்பதுதான் என் முதல் நினைப்பு. என் புத்தி அப்படி. யார் எதைக் கொடுத்தாலும் முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவேன்.

கண்ணாடியில் பார்த்தேன். இடது கண் மூடவில்லை. சிரித்தால் வாய் வலப்பக்கமே போனது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. புதுச்சேரியில் ஒரு மில்லில் தார் (தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் கட்டையில் சுற்றிய ஊடை நூல்) சுற்றும் வேலை.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் இரண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். என்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டினேன். வேறு எதைப் பற்றிப் பேசப்போகிறார்கள்?

டாக்டர் சின்ன வயதுக்காரர். நெற்றியைச் சுருக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். பிறகு, “எங்க, விசில் அடிங்க” என்றார்.

“என்னா டாக்டர், கிண்டல் பண்றீங்களா?”

“இல்லம்மா. உதடு குவியுதான்னு பாக்கணும்.”

வெறும் காற்றுதான் வந்தது, அதுவும் ஓரமாக.

முகவாதம் (முகத்தின் ஒரு பக்கத்து நரம்பு வேலை செய்யாமல் போவது) என்றார். பக்கவாதமாக இருந்தால் பெரும்பாலும் நெற்றி சுருங்கும், எனக்குச் சுருங்கவில்லை. அதனால் கோளாறு மூளையில் இல்லை, காதுக்குப் பின்னால் வரும் நரம்பில்தான் என்று விளக்கினார். வீக்கம் குறைய மாத்திரை, கண் காயாமல் இருக்கச் சொட்டு மருந்து, தூங்கும்போது இமையை மூடி ஒட்ட பிளாஸ்திரி. அப்புறம் பயிற்சி. பலூன் ஊத வேண்டும், விசில் அடிக்க வேண்டும், தினமும்.

“எப்ப சரியாவும்?”

“நெறைய பேருக்கு சரியாயிடும். மூணு மாசத்துல அசைவு வரலன்னா கொஞ்சம் அப்படியே தங்கிடலாம்.”

நிறைய பேருக்கு என்றால், மிச்சம் இருப்பவர்கள் யார்? வீடு வரும்வரை அதையே யோசித்தேன்.

என் வீட்டுக்காரர் பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடையில் நிற்பவர். இரண்டாம் வாரம் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியைக் காணோம். கேட்டால், “ரசம் போயிடுச்சி, மாத்திக்கினு வரேன்” என்றார். ரசமெல்லாம் போகவில்லை, எனக்குத் தெரியும். நான் பார்த்து அழக் கூடாது என்று எடுத்தாரா, அவரால் பார்க்க முடியவில்லையா? இன்றுவரை நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பலூன் பரவாயில்லை. ஒரு பொம்பளை விசில் அடிப்பதா? எங்கள் தெருவில் விசில் அடிக்கிறவளை அடங்காப்பிடாரி என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். ஒருநாள் வீட்டில் முயன்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் சட்டென்று நின்றது. நானும் நிறுத்திவிட்டேன்.

மூன்று வாரம் லீவு முடிந்து மில்லுக்குப் போனேன். பஞ்சுத் தூசி கண்ணில் விழாமல் இருக்க வீட்டுக்காரர் கூலிங் கிளாஸ் வாங்கித் தந்தார். முந்தானையும் கறுப்புக் கண்ணாடியுமாக நான் போய் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

எங்கள் இடத்துக்கும் தறிகளுக்கும் நடுவில் சுவர் கிடையாது. தறிகள் ஓடும் சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நாங்கள் எல்லோரும் உதட்டசைவில்தான் பேசுவோம். என்ன குழம்பு என்பதிலிருந்து யார் வீட்டில் சண்டை என்பதுவரை சத்தமில்லாமலேயே ஊர்வம்பு நடக்கும். முந்தானையை இறக்கிவிட்டுப் பேசினாலும் என் உதடு பாதிதான் அசைந்தது. நான் சொன்னது ஒருத்திக்கும் புரியவில்லை. இரண்டு நாளில் பேச்சை விட்டேன். வாய் அசையாதவள் அங்கே இருந்தாலும் இல்லாத மாதிரிதான். நோயைவிட அதுதான் என்னை அழவைத்தது.

மேஸ்திரி வந்து காதருகே கத்தினார்: “கழிவுப் பஞ்சு பிரிக்கிற ரூமுக்குப் போறியாம்மா? அங்க யாரும் ஒன்னப் பாக்க மாட்டாங்க.” அன்பாகத்தான் கேட்டார். என் இடத்துக்கு அவர் ஆள் யாரோ காத்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. மாசக் கடைசியில் சொல்கிறேன் என்றேன். போனால் திரும்பி வர முடியாது.

அன்றுதான் அந்த யோசனை வந்தது. இந்தச் சத்தத்தில் விசில் அடித்தால் யாருக்குக் கேட்கும்? கன்னத்தை விரலால் தாங்கிக்கொண்டு உதட்டைக் குவித்து ஊதினேன். எனக்கே கேட்கவில்லை. நிம்மதியாக இருந்தது. தினமும் ஊதினேன்.

காதை மட்டும் நினைத்து, கண்ணை மறந்துவிட்டேன். மில்காரிகள் கண்ணால் கேட்கிறவர்கள். எதிர் மெஷினில் நின்ற தனம் என்னைப் பார்த்து உதட்டைக் குவித்தாள், நீட்டினாள், மடித்தாள். மறுநாளும் அதையே செய்தாள். பழிப்புக் காட்டுகிறாள்! ஜன்னலோர மெஷினுக்காக அவளுக்கும் எனக்கும் பழைய சண்டை உண்டு. அவளுக்கு எரிச்சல் மூட்டவே இன்னும் ஊதினேன்.

மாசக் கடைசி நெருங்கியது. ஒரு மத்தியானம் ஊதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. அத்தனை தறியும் நின்றது. அந்த அமைதியில் நீளமாக ஒரு விசில் கேட்டது.

அது என் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

“எவன்டா அது?” என்று மேஸ்திரி அந்தக் கோடியிலிருந்து கத்தினார். எல்லோரும் திரும்பினார்கள். கை முந்தானைக்குப் போனது. பாதியில் இறக்கிவிட்டேன்.

“நான்தான் மேஸ்திரி. பஞ்சு ரூமுக்கு வேற ஆளப் பாருங்க.”

தனம் ஓடிவந்தாள். “எத்தினி நாளா காட்டிக்கினு இருக்கேன், கீழுதட்ட மடிக்காத, முன்னால நீட்டுன்னு! தவளக்குப்பத்துக் கம்பங்கொல்லையில விசிலடிச்சே கிளி ஓட்டினவடி நான்.”

“அப்ப நீ பழிப்பு காட்டலயா?”

“மொதல் ரெண்டு நாளு காட்டினேன்” என்றாள். “அப்பறம் பாவமா போயிடிச்சி.”

பார்த்தீர்களா, என் சந்தேகம் முழுப் பொய்யும் இல்லை. ஆனால் என் நினைப்பு அந்த இரண்டு நாளிலேயே நின்றுவிட்டது, அவள் அதைத் தாண்டிப் போயிருந்தாள்.

முகம் ஏறக்குறையப் பழையபடி ஆக ஐந்து மாதம் பிடித்தது. இதே நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், நீங்கள் ஊதுங்கள். களைப்பான நாளில் இடது கண் இன்னும் கொஞ்சம் சிறுத்துப்போகிறது. அந்தக் கன்னத்தை நான் முழுசாக நம்புவதில்லை. காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் எங்கே விழுகிறது என்று பார்த்த பிறகுதான் எனக்கு நாள் தொடங்குகிறது.

கரண்ட் போனால் வீட்டில் எல்லோரும் மெழுகுவத்தியைத் தேடுகிறார்கள். என் உதடு தானாகக் குவிகிறது. ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் தீப்பெட்டியை எடுக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் இப்போதும் நிற்கிறது. நிற்கட்டும்.