வாய்ப்பூட்டு

இத்ரிஸைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவர் மனைவி. அவள் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. இன்னொருவர் சர்க்கரை ஆலையில் சம்பளம் கொடுத்த குமாஸ்தா. மற்ற எல்லோருக்கும் அவர் கரிக்காரர்தான். துருக்கியில் சிவாஸுக்குத் தெற்கே இருக்கிற எங்கள் சின்ன டவுனில் இத்ரிஸ் வீடு எது என்று கேட்டால் விழிப்பார்கள். கரிக்காரர் வீடு என்றால் நாய்கூட வழி காட்டும்.

இத்தனைக்கும் அவர் ஒரு நாளும் கரி விற்றதில்லை. சர்க்கரை எடுக்கும் பீட்ரூட் கிழங்கு ஏற்றி வரும் லாரிகளை எடை போடும் மேடையில் ரிட்டயர் ஆகும்வரை நின்றவர். ஆலையை விட்டால் அவருக்கு ஒரே வேலை, புதையல் தேடுவது.

எங்கள் பக்கத்தில் அந்தப் பைத்தியம் பிடிக்காத வீடு குறைவு. மலைச்சரிவில் பழைய ஊர் என்று ஒன்று பாழாகக் கிடக்கிறது. அங்கே இருந்த ஆர்மீனியர்களை எங்கள் பாட்டன்மார் காலத்தில் விரட்டிவிட்டார்கள். போகிற அவசரத்தில் தங்கத்தைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று டவுனே சத்தியம் செய்யும். எந்தச் சுவருக்கு அடியில், எந்த அக்ரூட் மரத்துக்குக் கீழே என்று ஆளுக்கொரு கதை. அந்த ஜனங்கள் போகிற வழியில் என்ன ஆனார்கள் என்று மட்டும் யாருக்கும் கேட்கத் தோன்றாது. கையில் தங்கம் இருந்தவன் அதைக் கொடுத்து உயிரை வாங்கப் பார்த்திருப்பான், புதைத்துவிட்டா போவான்? இதை டீக்கடையில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் சொல்லிப் பார்த்தவன்.

இத்ரிஸுக்கு இரண்டு கூட்டாளிகள். ஜப்பார் மினிபஸ் ஓட்டியவர். வாய் ஓயாத மனிதர். பயணிகள் காசு கொடுப்பது பஸ்ஸுக்கா பேச்சுக்கா என்று தெரியாது. ருஸ்தம் மெக்கானிக். மெட்டல் டிடெக்டரும் பெட்ரோலில் ஓடும் தண்ணீர் பம்ப்பும் அவருடையவை. அதிகம் பேசமாட்டார், ஆனால் சரியான ஊமைக்குசும்பு. மூன்று பேரும் இளவட்டமாக இருந்தபோது ஆரம்பித்தது. தலை நரைத்து, முட்டி தேய்ந்து, ஜப்பாருக்கு நெஞ்சில் குழாய் வைத்த பிறகும் ஓயவில்லை.

அவர்கள் எடுத்ததை எல்லாம் ஒரு தொப்பியில் போட்டுவிடலாம். கொஞ்சம் செப்புக் காசு, உடைந்த கோடரி ஒன்று, ஒரு பித்தளை மோதிரம். மோதிரத்தை இத்ரிஸ் மனைவிக்குப் போட்டுவிட்டார். அவள் விரல் பச்சை பிடித்துப்போனது. சாகும்வரை அவள் அதைக் கழற்றவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் விரலை நீட்டி, "எங்க வீட்டுப் புதையல்" என்று சிரிப்பாள்.

தோண்டுகிறவர்களுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. புதைத்த பொருளுக்கு ஒரு காவல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத காவல். தோண்டுமுன் சேவல் அறுத்து ரத்தம் காட்டவேண்டும். கடப்பாரை பட்டு உள்ளே பொந்தாக இருக்கிற சத்தம் கேட்டுவிட்டால், அந்த நொடியிலிருந்து பொருள் மேலே வந்து வெயிலைப் பார்க்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. மனிதக் குரல் காதில் விழுந்தால் காவல்காரன் தங்கத்தைக் கரியாக மாற்றிவிடுவான். இதற்கு அவர்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு.

அந்தப் பூட்டை உடைத்தவர்தான் இத்ரிஸ். வெகு வருஷத்துக்கு முன் சரிவில் ஒரு எல்லைக்கல்லுக்குக் கீழே மண்ஜாடி தட்டுப்பட்டது. ஜாடியின் கழுத்து தெரிந்ததும் இத்ரிஸ் தன்னை மறந்து, "அல்லாவே, கிடைச்சிருச்சு" என்று சொல்லிவிட்டார். மூடியை உடைத்தால் உள்ளே அடுப்புக்கரியும் சாம்பலும். எல்லைக்கல்லுக்குக் கீழே கரி புதைப்பது அந்தக் காலத்து நில அளவைக்காரர்களின் வழக்கம். கரி மக்காது, கல்லை எவனாவது நகர்த்தினாலும் எல்லை தெரியும். புதைத்த அன்றைக்கே அது கரிதான். ஆனால் அதை யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து இத்ரிஸ் கரிக்காரர் ஆனார்.

அவரை விட்டு வைக்கவேயில்லை. டீக்கடையில் ஒக்கே ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கும்போது ஜப்பார் ஆரம்பிப்பார்.

"டேய் கரி, இன்னிக்கு என்ன அடுப்பு மூட்டுனே?"

"உன் வாயை மூட்டத்தான் விறகு தேடிக்கிட்டிருக்கேன்."

"என் வாய் கிடக்கட்டும். உன் வாய் மட்டும் அன்னிக்கு மூடியிருந்தா இன்னிக்கு நான் இஸ்தான்புல்ல கடலைப் பார்த்து உக்காந்திருப்பேன். ருஸ்தமுக்குப் பல் கட்டியிருக்கலாம்."

ருஸ்தம் சுட்டுவிரலால் கன்னத்தில் கரி பூசுவதுபோல ஒரு கோடு இழுப்பார். கடையே சிரிக்கும். இத்ரிஸும் சிரிப்பார். மகன் ஜெர்மனியில், வீடு வெறிச்சோடிக் கிடந்தது; கூப்பிட்டுக் கிண்டல் செய்ய இரண்டு பேர் இருப்பதே அவருக்குப் பெரிய விஷயம். ஆனாலும் உள்ளே எங்கேயோ அது உறுத்திக்கொண்டுதான் இருந்தது. மூன்று பேர் வாழ்க்கையையும் தன் நாக்கு கெடுத்துவிட்டது என்று அவர் நிஜமாகவே நம்பினார்.

போன அக்டோபரில் பழைய ஊரில் ஒரு இடிந்த வீட்டின் முற்றத்தில் கிணறு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். மேலே கல் பரப்பி மண் மூடியிருந்தது. கிணற்றை எவன் வேலை மெனக்கெட்டு மூடுவான், உள்ளே எதுவோ இருக்கிறது என்று ஜப்பார் துள்ளினார். ஆறு ஆள் ஆழம், அடியில் இடுப்பளவு தண்ணீர். மேலிருந்து பம்ப் இழுக்கவில்லை. ருஸ்தம் பாதி ஆழத்தில் குறுக்கே பலகை போட்டு, பம்ப்பை அதன்மேல் இறக்கி ஓட்டினார். காலை முழுக்க அது கிணற்றுக்குள்ளேயே புகை கக்கிக்கொண்டு ஓடியது. தண்ணீர் வற்றியதும் நிறுத்தினார்கள்.

மூடுபனி இறங்கிய பகல். ஆள் நடமாட்டம் இல்லை. சேவலை அறுத்தாயிற்று. ரொட்டியும் வெங்காயமும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வைத்துச் சாப்பிட்டார்கள்.

"புகை போயிருச்சா பாரு," என்றார் இத்ரிஸ்.

ருஸ்தம் கயிற்றில் அரிக்கேன் விளக்கைக் கட்டி அடிவரை இறக்கினார். சுடர் அசையாமல் எரிந்தது. கிணறு தோண்டுகிறவர்கள் காலம்காலமாகச் செய்யும் சோதனை அது. விளக்கு அணையாவிட்டால் காற்று நல்ல காற்று. ஆனால் பெட்ரோல் புகையின் விஷம் விளக்கை அணைக்காது, மனிதனைத்தான் அணைக்கும். அத்தனை வருஷம் தோண்டிய மூவருக்கும் இது தெரியாது.

"நான் இறங்குறேன்," என்றார் இத்ரிஸ். "உனக்கு நெஞ்சுல குழாய் இருக்கு."

"நீ இறங்குனா தங்கத்தைப் பார்த்து அங்கயே பாட்டுப் பாடுவே," என்றார் ஜப்பார். "நீ மேலயே உக்காரு. ருஸ்தம், இவன் வாயில மிச்ச ரொட்டிய அடைச்சு வை."

ஜப்பார் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினார். இறங்கும்போதே பேச்சு. கிணற்றுக்காரன் கஞ்சன், படி வைக்கவில்லை. ருஸ்தமின் ஏணி ருஸ்தமைப் போலவே ஆடுகிறது. தங்கம் வந்தால் முதல் வேலையாக ஸஃபியேயை ஹஜ்ஜுக்கு அனுப்பிவிட்டு ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கப்போகிறேன். ஸஃபியே அவர் மனைவி. கயிறு இடைஞ்சல் என்று கீழே அவிழ்த்துப் போட்டார். கடப்பாரை சேற்றில் குத்தும் சத்தம் வந்தது. பிறகு அவர் குரல் மேலே வந்தது.

"டேய் கரி, இந்தத் தடவை வாயைத் திறந்தே, மேல வந்து நாக்கை அறுத்து உன் கையிலயே குடுத்துருவேன்."

இத்ரிஸ் பதிலுக்கு வாயெடுப்பதற்குள் கடப்பாரை எதிலோ பட்டது. ‘டொங்’ என்று பொந்தான சத்தம்.

மூன்று பேரும் பூட்டிக்கொண்டார்கள்.

கடப்பாரை இன்னும் சில தடவை இடித்தது. பிறகு இடிப்பு மெதுவானது. பிறகு நின்றது. இத்ரிஸ் குனிந்து பார்த்தார். விளக்கு கீழே எரிந்தது, ஜப்பாரின் தொப்பி தெரிந்தது. உட்கார்ந்திருக்கிறார், கையால் சேற்றை அள்ளுகிறார் போல என்று நினைத்தார். விளிம்பில் வெகுநேரம் குனிந்ததில் அவருக்கே தலை கனத்தது, வாந்தி வருவதுபோல் இருந்தது. சந்தோஷத்தில் வயிறு புரட்டுகிறது என்று எண்ணிக்கொண்டார்.

தொப்பி அசையவில்லை.

கூப்பிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஜப்பார் இந்த வேலை செய்யக்கூடியவர். முன்பு ஒரு தடவை குழிக்குள் செத்தவன்போலக் கிடந்து, பதறியடித்து இறங்கிய இத்ரிஸின் கணுக்காலைப் பிடித்தவர். ஒரு வருஷம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். இப்போது கூப்பிட்டால், ‘கெடுத்தியேடா கரி’ என்று மேலே வந்து நிற்பார். இந்த முறை நிஜமாகவே கெட்டிருக்கும்.

இத்ரிஸ் தலையை நிமிர்த்தி ருஸ்தமைப் பார்த்தார். கண்ணாலேயே கேட்டார். ருஸ்தம் சிரித்தபடி சுட்டுவிரலால் கன்னத்தில் ஒரு கோடு இழுத்தார்.

இத்ரிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ருஸ்தம் ஒரு சிகரெட் பற்றவைத்துக் குடித்து முடித்தார். இன்னொன்று எடுத்தார். இத்ரிஸ் ஒரு சிறு கல்லை எடுத்து உள்ளே போட்டார், கல் பேசாதல்லவா. அது தொப்பியில் பட்டு உருண்டு சேற்றில் விழுந்தது. தொப்பிக்குக் கீழே தலை அப்படியே இருந்தது.

அப்போதுதான் அவர் வாய் திறந்தது. ஜப்பார் ஜப்பார் என்று அவர் கத்தியது பழைய ஊரின் மறுபக்கம் ஆடு மேய்த்தவனுக்குக் கேட்டிருக்கிறது. ஏணியில் காலை வைத்தவரை ருஸ்தம் சட்டையோடு பிடித்து இழுத்தார்.

"இறங்காதடா. நீயும் போயிருவே."

"விடுடா. அவன் உக்காந்திருக்கான்டா."

"உக்காந்திருக்கல."

இத்ரிஸ் போனை எடுத்தபோது ருஸ்தம் ஒரு நொடி கையைத் தடுத்தார். அனுமதி இல்லாமல் தோண்டுவது ஜெயில். "மெஷினையாவது ஒளிச்சிட்டு வரேன்," என்றார். இத்ரிஸ் அவரைப் பார்த்த பார்வையில் ருஸ்தம் கையை எடுத்துக்கொண்டார்.

முகமூடி போட்ட தீயணைப்பு ஆட்கள் வந்து ஜப்பாரைத் தூக்கினார்கள். முகம் ரோஜா நிறத்தில் இருந்தது, தூங்கி எழப்போகிறவன்போல. புகையின் விஷம் அப்படிச் சிவக்க வைக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். மயங்கி விழுந்த உடனே உயிர் போயிருக்காது, கொஞ்ச நேரம் இருந்திருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கொஞ்ச நேரத்தில் என்ன நடந்தது என்று இத்ரிஸுக்குத் தெரியும். ருஸ்தம் ஒரு சிகரெட் குடித்து முடித்தார்.

கிணற்றின் அடியில் கவிழ்ந்து கிடந்தது ஒரு செப்பு அண்டா. கடப்பாரை பட்டது அதன் அடிப்பாகத்தில். உள்ளே சேறு. விளிம்பில் ஒரு பெயர் பொறித்திருந்தது, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில். எந்த வீட்டுக்காரியோ தண்ணீர் சேந்தியபோது கை நழுவ விட்டிருப்பாள்.

கேஸ் நடக்கிறது. ருஸ்தம் அங்காராவில் மகள் வீட்டோடு போய்விட்டார். இத்ரிஸ் மட்டும் தினம் டீக்கடைக்கு வருகிறார். அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு தாழ்கிறது. "வாங்க இத்ரிஸ் அண்ணே, டீ போடட்டுமா?" என்று கேட்கிறார்கள். யாரும் அவரைக் கரிக்காரர் என்று கூப்பிடுவதில்லை. ஒரு நாள் அவரே, "ஏன்டா, கரின்னு கூப்பிடுங்களேன்டா," என்றார். காய்களைக் கலைத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நாற்பதாம் நாள் ஓதலுக்கு ஸஃபியே அல்வா கிண்டிக் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு இத்ரிஸை நிறுத்தினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கடைசியா அவரு என்ன பேசினாரு? போலீஸ்கிட்ட கேட்டேன், தெரியாதுன்னுட்டாங்க. பேசாம செத்திருக்கமாட்டாரு அந்த மனுஷன்."

இத்ரிஸ் ஏதாவது நல்லதாகச் சொல்லியிருக்கலாம். உன் பெயரைச் சொன்னார், அல்லா பெயரைச் சொன்னார் என்று. வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"என்னைத்தான் திட்டினான்மா. ‘டேய் கரி, இந்தத் தடவை வாயைத் திறந்தே, மேல வந்து நாக்கை அறுத்து உன் கையிலயே குடுத்துருவேன்’னான்."

ஸஃபியே சிரித்துவிட்டாள். அழுதழுது வீங்கிய முகத்தோடு, தலைத்துணியின் ஓரத்தை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அவருதான். அவரேதான்," என்றாள்.

பிறகு சிரிப்பு நின்றது. அவள் மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"நீங்க திறக்கலையா அண்ணே?"

"திறக்கலம்மா," என்றார் இத்ரிஸ்.