எங்கள் அண்ணன் நம்பாத அளவு

அண்ணன் இல்லை என்று எழுதக் கை வரவில்லை. பதினாறு நாளுக்கு முன், காலையில் காபியில் சர்க்கரை கம்மி என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டவர் அவர். மத்தியானம் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பயிரிட்ட குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது. நிலத்தையும் பார்த்துக்கொண்டு தானும் படித்து, என்னையும் படிக்க வைத்தார். சென்னையில் ஒரு தொழிற்சாலையில் கருவி வடிவமைக்கக் கற்று, பிறகு ஊர்ப்பக்கம் திரும்பி, வேங்கிக்காலில் எங்கள் வீட்டின் பின்னறையிலேயே பட்டறை வைத்தார். காற்றை முழுக்க உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் கசியும் வாயுவை அளக்கும் கருவிகளை உருவாக்குவது அவர் தொழில்.

"சைக்கிள் டியூப்ப தண்ணில முக்கினா குமிழி வருதில்ல? அந்த மாதிரி ஒரே ஒரு குமிழி சேரவே வருஷம் ஆகும்மா. அவ்ளோ சின்ன லீக்க அளக்குறேன்" என்று அம்மாவுக்கு விளக்குவார்.

"அதுக்கு எதுக்குடா ஃபேன நிறுத்திட்டு எங்கள வேக வெக்கிற?" என்பார் அம்மா.

ஃபேன் காற்றோ கைச்சூடோ குழாயில் பட்டாலே அளவு மாறிவிடுமாம். அதனால் எந்த எண்ணையும் அண்ணன் உடனே நம்பமாட்டார். "மொதல்ல மெஷின சந்தேகப்படு" என்பார். அவரிடம் கருவி வாங்கியவர்கள் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அவர் போன அன்று, நான்கு நாள் காய்ச்சலோடு அவருக்கு மூச்சு வாங்கியது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் பார்க்கும் கருவியை எதிர்வீட்டு ஷமீம் அக்கா கொண்டுவந்தார். தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாதது, எழுபத்தொன்பது காட்டியது. அண்ணன் விரலைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி மாட்டினார். எழுபத்தெட்டு.

"கை சில்லுனு இருந்தா கம்மியாதான் காட்டும். பேட்டரியும் வீக்கா இருக்கும், மாத்திடுங்கக்கா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்ணா" என்றேன்.

"இருடி, கஞ்சி குடிச்சிட்டுப் போலாம்."

நானும் இருந்துவிட்டேன். கஞ்சி ஆறுவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். நிமோனியா நுரையீரல் முழுக்கப் பரவியிருந்திருக்கும், வரும்போதே உயிர் இல்லை என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

அண்ணனை ஆட்டோவில் தூக்கி ஏற்றிய தெருக்காரர்களுக்கும், இத்தனை நாளும் எங்களுக்குச் சோறாக்கிப் போட்ட அடி அண்ணாமலையில் இருக்கும் சித்தி குடும்பத்துக்கும் எங்கள் நன்றி.

ஷமீம் அக்காவுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நேற்று உங்கள் வீட்டில் அந்தக் கருவியை, அதே பேட்டரியோடு, என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு காட்டியது. அன்றே என் விரலை நீட்டியிருந்தால் அண்ணன் நம்பியிருப்பார். எனக்குத் தோன்றவில்லையே அக்கா.

உங்கள் கருவியில் ஒரு தப்பும் இல்லை. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

— தங்கை