மாலையில் போன மகன்

எங்கள் குடும்பத்தில் பேனை பிடித்த முதல் கை என்னுடையது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். யார் கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலை நீட்டுவார். அம்மா உப்புவெளியில் ஒரு விடுதியில் துணி துவைத்தார். நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது, ‘எமது துறைமுகத்தில் ஒரு மாலைப்பொழுது’ என்ற கட்டுரைக்கு முதல் பரிசு பெற்றேன். பாதிக்கு மேல் ஆசிரியை சொல்லித் தந்தது. ஆனால் ஒரு காற்புள்ளி பிசகாமல் அதை மனப்பாடம் செய்தது நான்தான்.

அந்த வருடம் எங்கள் தெருச் சனசமூக நிலையத்தில் என்னைத் தொண்டுக்குச் சேர்த்தார்கள். போர் முடிந்து சில காலம் ஆகியிருந்தது. காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வருவதாகவும், உறவினர்கள் முன்கூட்டியே படிவம் கொடுக்க வேண்டும் என்றும் அறிவித்திருந்தார்கள். பெயர், முகவரி எல்லாம் செயலாளர் நிரப்புவார். ‘நடந்ததை விபரமாக எழுதவும்’ என்ற இணைப்புத் தாளுக்குத்தான் ஆள் போதவில்லை. அதற்காக, கையெழுத்து அழகான பிள்ளைகள் நால்வரைச் சனிக்கிழமைகளில் உட்கார வைத்தார்கள்.

அந்தத் தொண்டு எனக்குத் தந்ததை நான் மறுக்க மாட்டேன். தேநீரும் மீன் வைத்த மாலுபாணும் தந்தார்கள். கையுள்ள கதிரை ஒன்றும் கிடைத்தது. அப்பாவின் வயதுக்காரர்கள் என் முன்னால் காத்திருந்தார்கள். நான் உள்ளே வரும்போது ஒருவர், “நீதவான் அம்மா வந்திட்டா, எழும்புங்கோ” என்று கேலி செய்வார், ஆனாலும் தன் முறை வந்ததும் “எழுதித் தருவீங்களோ?” என்று மரியாதையாகத்தான் கேட்பார். வீட்டுக்கு வந்தவர்களைக் கண்டாலே குசினிக்குள் ஓடி ஒளிந்த நான், அங்கேதான் நிமிர்ந்து பேசப் பழகினேன். அங்கே தந்த சான்றிதழைப் பிற்காலத்தில் போன ஒவ்வொரு நேர்முகத் தேர்விலும் நீட்டியிருக்கிறேன்.

இரண்டாவது சனிக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பின்வளவில் இருந்த மாமி வந்தார். உறவில்லை, வேலிக்கு மேலால் கறி கொடுத்து வாங்கிய பழக்கத்தில் மாமி. மீன் விற்பவர். அவருடைய ஒரே மகன், பத்தொன்பது வயதில், மீனுக்கு ஐஸ் வாங்கப் போய்த் திரும்பி வரவில்லை. ஐஸ் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவர், காலை எட்டு மணிபோல் அவனைச் சந்தியில் யாரோ ஒரு வாகனத்தில் ஏற்றியதைக் கண்டிருந்தார். பயத்தில் இத்தனை காலம் வாய் திறக்காதவர், இப்போது சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பேற்ற கதையும் ஒத்துப்போனால் விசாரிக்கத்தான் வேணும், தட்டேலாது” என்று செயலாளர் மாமியிடம் சொன்னார்.

மாமி என் எதிரில் உட்கார்ந்தார். “காலமை எழும்பினவுடன சண்டை, பிள்ளை. பழைய சைக்கிளில போகமாட்டன் எண்டான். நான் ஏசினனான். தேத்தண்ணியை முத்தத்தில ஊத்திப்போட்டு வெளிக்கிட்டான். இனி இந்தப் பக்கம் வராத எண்டு சொன்னனான்.” என் பேனையைப் பார்த்தார். “அவன் திரும்பிப் பாக்கேல்ல. அதையும் எழுதவேணுமோ?”

“தேவையானதை நான் எழுதுவன் மாமி” என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

தேத்தண்ணீரையும் பழைய சைக்கிளையும் ஒரு பெரிய விசாரணைக்கு எழுதி அனுப்புவது எனக்கு வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்த அழகான வசனங்கள் எல்லாம் மாலையைப் பற்றியவை. ஆகவே அவன் மாலையில் போனான். ‘செங்கதிரோன் துறைமுகத்தின் மேற்கே மெல்ல மறையும் அந்தி வேளையில், என் அருமை மகன் என்னிடம் விடைபெற்றுச் சென்றான். வாசற்படலையடியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துப் புன்னகையோடு கையசைத்தான். அதுவே நான் அவனைக் கடைசியாகக் கண்டது.’

வாசித்துக் காட்டினேன். மாமி அசையாமல் கேட்டார். பிறகு, “கை காட்டினவன் எண்டு எழுதியிருக்கிறாய், என்ன?” என்றார்.

“ஓம் மாமி.”

அவர் பெருவிரலை மையில் தோய்த்தார். செயலாளர் தாளை எட்டத்தில் பிடித்து எழுத்தின் அழகைப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு சேர்த்தார்.

விசாரணை இரண்டு மாதம் கழித்துப் பிரதேச செயலகத்தில் நடந்தது. மாமிக்குத் துணையாக என்னையும் அனுப்பினார்கள். நான் பள்ளிச் சீருடையில் போனேன். அதிகாரி தாளைப் புரட்டிச் சிங்களத்தில் ஏதோ கேட்டார். மொழிபெயர்த்த இளைஞர் மாமியிடம் திரும்பினார்.

“அம்மா, சாட்சிக்காரர் காலமை எட்டு மணிக்குக் கண்டதெண்டு சொல்லுறார். இதில மகன் பின்னேரம் போனதெண்டு இருக்கு. எது சரி?”

மாமி என்னைப் பார்த்தார். நான்தான் மாற்றினேன் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“யோசிச்சுச் சொல்லுங்கோ. பிழை எண்டால் இப்பவே மாத்தலாம்” என்றார் இளைஞர். குரல் கனிவாகத்தான் இருந்தது.

“மாத்துறதெண்டால் நேரத்தை மட்டுமோ?”

“இல்லையம்மா. முதலில இருந்து, நடந்தது நடந்தபடி சொல்லவேணும். திரும்பவும் எழுதுவம்.”

“அவன் கை காட்டினது?”

“நடந்ததெண்டால் எழுதலாம். நடக்காததெண்டால் ஏலாது.”

மாமி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். வெளியே வரிசையில் நின்றவர்கள் பொறுமையிழந்து இருமினார்கள்.

“அதில இருக்கிறதுதான் சரி. பின்னேரம்தான் போனவன்” என்றார்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மாமி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எனக்காகத்தான் பொய் சொன்னார் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில் பல வருடங்கள் நிம்மதியாகத் தூங்கியும் இருக்கிறேன்.

மழைக்காலம் தொடங்கியபோது கடிதம் வந்தது. மாமி அதைச் சனசமூக நிலையத்துக்குக் கொண்டுவந்தார். இரு வாக்குமூலங்களும் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதால் மேலதிக நடவடிக்கைக்கு இடமில்லை என்று வாசித்தேன். சாட்சி சொன்னவர் அதற்குள் கிளிவெட்டிப் பக்கம் குடிபோய்விட்டார். இனி எவருக்கும் எதுவும் சொல்லமாட்டேன் என்றாராம். மேன்முறையீடு எழுதலாம் என்று செயலாளர் சொன்னார். மாமி தலையை மட்டும் ஆட்டினார். அது ஆம் என்பதற்கா இல்லை என்பதற்கா என்று தெரியவில்லை.

செயலாளர் போனபின் மாமி, “அண்டைக்கு எழுதினதின்ர கொப்பி இருக்கோ பிள்ளை?” என்று கேட்டார். நிலையத்தில் பிரதிகளைச் சேர்த்து வைத்திருந்த கோவையில் இருந்து எடுத்தேன்.

“அவன் படலையடியில நிண்ட இடத்தை ஒருக்கா வாசி.”

வாசித்தேன். போட்டி மேடையில் வாசித்ததைப் போலவே, நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, குரலை ஏற்றி இறக்கி வாசித்தேன். மாமி கண்களை மூடிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார். என்னுடைய தமிழ் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது என்று நான் வீட்டில் சொல்லித் திரிந்தேன்.