தட்டிப் பார்த்த துப்பாக்கி

எங்கள் அப்பா கடைசி வரை இரண்டு கண்ணும் பத்து விரலும் குறையாமல் வாழ்ந்துவிட்டுப் போனார். அதற்குக் காரணம் நான்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. சொல்லிச் சொல்லி, நான் தொண்டையைச் செருமினாலே வீட்டுப் பிள்ளைகள் "துப்பாக்கியை எடுத்துட்டாங்க, ஓடுங்கடா" என்று எழுந்து போய்விடுகின்றன. போகட்டும். நீங்களாவது கேளுங்கள்.

அன்னவாசலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சமஸ்தானக் காலம், எங்கேயோ யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஏழு வயது. பெரியப்பாவிடம் ஓர் இரட்டைக் குழல் துப்பாக்கி இருந்தது. கடலைக்கொல்லையில் இறங்கும் பன்றியைச் சுடத்தான் அதற்கு லைசென்ஸ். ஆனால் எங்கள் வீட்டுப் பெருமை பன்றியால் வந்ததல்ல. அய்யனாருக்குப் புரவி எடுக்கும் நாளில், மண்குதிரைகளை ஊரார் தோளில் தூக்கும் நேரத்தில், எங்கள் வீட்டுத் துப்பாக்கி ஒரு வேட்டுப் போட வேண்டும். அந்தச் சத்தம் கேட்காமல் ஒரு குதிரையும் குயவர் வேளார் வாசலைத் தாண்டாது. ஊர் வழக்கம் அது.

இன்னொரு வழக்கமும் உண்டு. குதிரை செய்கிற வேளார் சூளையைப் பிரித்ததும் பெரியப்பா போய் ஒவ்வொரு குதிரையின் கழுத்திலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று கேட்டால் வெற்றிலை பாக்கு வைத்து வாங்கிக்கொள்வார். பொத்தென்று கேட்டால் உள்ளே எங்கோ கீறல். அந்தக் குதிரை சாமிக்கு ஆகாது. அந்த வருஷம் அப்படி ஒரு குதிரையை ஊர் பார்க்கத் தள்ளி வைத்துவிட்டார். வேளார் முகம்தான் சுண்டிப் போயிற்று.

கூடவே போயிருந்த எனக்கு அன்று பிடித்தது பைத்தியம். குடத்தைத் தட்டினேன், நெல் பானையைத் தட்டினேன், கதவைத் தட்டினேன், தூங்குகிற அண்ணன் மண்டையைத் தட்டிவிட்டு "பொத்துங்குது, சாமிக்கு ஆகாது" என்று தீர்ப்பும் சொன்னேன். பெரியப்பா எனக்கு மரங்கொத்தி என்று பெயர் வைத்தார். அவருக்குப் பிள்ளை இல்லை. என் சேட்டைக்கெல்லாம் முதல் ரசிகர் அவர்தான்.

துப்பாக்கிக்கு வருவோம். மழைக்காலத்தில் அது வண்டியிலிருந்து விழுந்து, சக்கரம் ஏறி, ஒரு குழல் நசுங்கியிருந்தது. பெரியப்பா அதைப் புதுக்கோட்டையில் ஒரு துப்பாக்கி ரிப்பேர்காரரிடம் கொடுத்திருந்தார். அந்த மனிதர் துரைமார்களுக்கெல்லாம் வேலை பார்த்தவர் என்று அவரே சொன்னாராம். திரும்பி வந்தபோது பார்க்க வேண்டுமே! நசுங்கின இடமே தெரியவில்லை. கன்னங்கரேலென்று முகம் பார்க்கலாம் போல ஒரு பளபளப்பு. பெரியப்பா ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். "வேலைக்காரன்னா அவன் வேலைக்காரன்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டார். அந்த வருஷம் வேட்டுப் போடும் மரியாதையைத் தம்பிக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, விட்டுக்கொடுப்பதாகவும் அந்தச் சந்தோஷத்தில் அறிவித்தார். அப்பா புது வேட்டி வாங்கிவந்தார். பூரிப்பில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

திருவிழா அன்று காலையில் பெரியப்பா குழலைக் கட்டையிலிருந்து கழற்றி எண்ணெய் போட்டு, ஒரு கயிற்றில் ஜன்னலோரம் தொங்கவிட்டிருந்தார். முன்பெல்லாம் அப்படித் தொங்கும்போது கரண்டி தெரியாமல் பட்டால்கூட அது கோயில் மணி மாதிரி ரீங்காரம் போடும். நான் சும்மா இருப்பேனா? ஒரு தட்டுத் தட்டினேன்.

பொத்.

மறுபடியும் தட்டினேன். அதே பொத். ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பெரியப்பா, துப்பாக்கி சாமிக்கு ஆகாது. உள்ள கீறல்."

"அடி மரங்கொத்தி! மண்ணுக்கும் இரும்புக்கும் ஒரே வைத்தியமா? போயி சடையப் பின்னு, போ" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். அம்மாவிடம் சொன்னேன். அடுப்பில் பணியாரம் தீய்கிற அவசரத்தில் அம்மாவும் விரட்டிவிட்டாள்.

சாயங்காலம் வேளார் வாசலில் சுற்று ஊர்க் கூட்டமெல்லாம் நின்றது. மாலை போட்ட குதிரைகள் வரிசையாக இருந்தன. கொட்டு அடங்கியது. பெரியப்பா தோட்டாவைப் போட்டுத் துப்பாக்கியை அப்பா கையில் கொடுத்தார். அப்பா அதைத் தோளுக்குத் தூக்கினார். அந்தக் கன்னங்கரேல் குழல் அப்பா கன்னத்தோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடி அப்பா வேட்டியைப் பிடித்துத் தொங்கினேன்.

"சுடாதீங்கப்பா! பொத்துங்குதுப்பா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பாவுக்கு மானம் போயிற்று. காதைப் பிடித்துத் திருகினார். நான் வேட்டியை விடவில்லை. அப்போதுதான் வேளார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்குதிரையத் தட்டிப் பாத்துத்தானங்க வாங்குனீங்க? பாப்பா சொல்லுது, அதையும் ஒரு தட்டுத் தட்டிப் பாத்துருங்களேன். என்ன கொறஞ்சு போச்சு?"

சிரிப்பு நின்றது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பாவோ துப்பாக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் குடுத்தத நான் தட்டிப் பாக்குறதா? அது நடக்காது" என்றார். அண்ணன் மேல் அப்படி ஒரு பக்தி அவருக்கு. வேட்டியில் என்னையும் இழுத்துக்கொண்டே மறுபடி குழலைத் தூக்கினார்.

"குடுறா இங்கிட்டு" என்றார் பெரியப்பா.

தோட்டாவை எடுத்தார். குழலைக் கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு, குதிரைக் கழுத்தில் தட்டுகிற அதே முட்டியால் தட்டினார். காதருகே வைத்து இன்னொரு தரம் தட்டினார். ஊருக்கே கேட்டது அந்தப் பொத். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

குதிரைகளோ நின்றுகொண்டிருந்தன, வேட்டு இல்லாமல் தூக்கவும் முடியாது. பெரியப்பா துப்பாக்கியைப் பூட்டி, தோட்டாவைப் போட்டு, வேப்பமரக் கவையில் வானம் பார்க்க வைத்துக் கட்டினார். விசையில் நீளமான கொச்சக்கயிற்றை முடிந்து, எல்லோரையும் தூர விரட்டிவிட்டு, மண்சுவருக்குப் பின்னால் போய் நின்று இழுத்தார்.

அப்படி ஒரு வேட்டுச் சத்தத்தை எங்கள் ஊர் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. புகை கலைந்ததும் ஓடிப் பார்த்தோம். குழல் வாழைப்பூ மடல் மாதிரி விரிந்து கிடந்தது. நசுங்கின இடத்தை நிமிர்த்தாமல் அரத்தால் ராவி அப்பளமாக்கி, மேலே ஈயத்தை அப்பிக் கருப்புப் பூசியிருந்தான் அந்தப் புண்ணியவான். அப்பாவின் கன்னம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், மரப்பட்டை பிளந்து வெள்ளையாகத் தெரிந்தது.

"வேட்டுக் கேட்டுச்சுல்ல? குதிரையத் தூக்குங்கடா!" என்றார் பெரியப்பா. குரல் கம்மியிருந்தது. புகை தொண்டையில் இறங்கிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

பிறகு என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். குதிரைகளுக்கு முன்னால், கொட்டுக்கும் முன்னால், நான்! ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தன. அண்ணன் கீழே நடந்துதான் வந்தான். அய்யனாருக்குக்கூட அன்று அவ்வளவு உயரமான இடம் கிடைத்திருக்காது. பெரியப்பா ஒரு கையால் என் காலைப் பிடித்திருந்தார். மறு கையால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அப்பா கூச்சத்தோடு இழுத்துப் பார்த்தும் விடவில்லை. கொட்டு முழங்க முழங்க அவர் தோள் குலுங்கியது. என்னைத் தூக்கிக்கொண்ட சந்தோஷத்தில் ஆடுகிறார் என்று நானும் கையை ஆட்டிக்கொண்டு வந்தேன்.

கண்மாய்க் கரையில் தோள் மாற்றக் குதிரைகளை இறக்கினார்கள். கொட்டு நின்றது. பெரியப்பாவின் தோள் மட்டும் நிற்காமல் குலுங்கிக்கொண்டே இருந்தது.

நான் குனிந்து அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"கொட்டு நின்னுருச்சு பெரியப்பா. ஆடுனது போதும்."