பொங்கலை முந்திவைத்த குடிக்கணக்கு

போன கிழமை இங்கே கனடாவில், அஜக்ஸில் மகளின் வீட்டு வாசலுக்குத் தார் பூசினார்கள். "அப்பா, ரெண்டு நாளைக்கு டிரைவ்வேயிலை கால் வையாதேங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். கால் வைக்காதே என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

தார் மணம் எனக்குக் குடிக்கணக்கு. குடிசனக் கணக்கெடுப்பு வந்தால் வீடுவீடாகத் தாரால் இலக்கம் எழுதுவோம். அப்போது நான் வன்னியில் ஒரு சின்ன நிர்வாகப் பிரிவின் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞன். ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை குதிரையில் இருந்தபடியே காட்டையும் கடலையும் பார்த்து, படத்தில் கோடு கீறி உண்டாக்கிய பிரிவு. துரை போனார், கோடு இருந்தது. கோட்டுக்குள் இருந்த சனம்தான் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்குமாகக் கரைந்துகொண்டிருந்தது. இந்த முறை தலை குறைந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துவிடுவோம் என்று மாவட்டத் தலைமைக் கந்தோரான கச்சேரியிலிருந்து தகவல் வந்தது. சேர்த்தால், ஒரு பிறப்புப் பதிவுக்கும் களப்பைச் சுற்றிப் பகல் முழுக்க நடக்கவேண்டும்.

விதானையார் வந்தார். அரசாங்கம் அவருக்குக் கிராம சேவகர் என்று புதுப்பெயர் வைத்திருந்தது. அப்படிக் கூப்பிட்டால் அவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"தம்பி, ஆர் ஆரை எழுதுவியள்?"

"கணக்கெடுக்கிற அண்டிரவு இஞ்சை படுக்கிற ஆக்களை. எந்த ஊரெண்டாலும்."

"படுத்தாக் காணுமோ?"

"காணும்."

நேரே அம்மன் கோயிலுக்குப் போய், பொங்கலை முந்தி, கணக்கெடுப்பு நாளிலேயே வைக்கச் சொன்னார்.

"அம்மனைக் கேக்காமல் எப்பிடி?" என்றார் பூசாரியார்.

"கேளும். கச்சேரியைக் கேக்கிறதிலும் பார்க்க அது சுகம்."

பொங்கல் என்றதும் போனவர்கள் எல்லாரும் பெண்டு பிள்ளைகளோடு வந்து கோயில் வளவில் பாய் விரித்தார்கள். வீடில்லாத இடத்துக்கு இலக்கம் எப்படி? வளவுப் புளியமரத்தில் தாரால் எழுதினேன். விதிப்படி ஒரு பிழையும் இல்லை. கச்சேரிப் பெரியவர் தொலைபேசியில் வந்தார்.

"ஐசே, ஒரு புளியமரத்துக்கை எத்தினை சனம் குடியிருக்குது?"

"படுத்தவையைத்தான் எழுதினனான், சேர்."

பிரிவு தப்பியது. பிறகு யுத்தம் வந்தது. அந்த வளவில் படுத்தவர்களின் பிள்ளைகள் இப்போது இங்கே விட்பியிலும் ஒஷாவாவிலும் வீட்டு அடமானம் கட்டுகிறார்கள்.

அங்கேயே நின்றுவிட்ட என் அக்கா நேற்று தொலைபேசி எடுத்தார்.

"கந்தோரைப் பூட்டிப்போட்டாங்களடா. பக்கத்துப் பிரிவோடை சேர்த்தாச்சு. ஒரு கையெழுத்துக்கு ரெண்டு பஸ் ஏறவேணும். நீ கந்தோரிலை இருந்தனீ, ஒண்டு எழுதன்."

யாருக்கு, எத்தனை பிரதி, எந்த வாசகத்தில் தொடங்குவது என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா? ஒரே இருப்பில் எழுதினேன். நல்ல மனு. 'இங்ஙனம், இப்பிரிவில் வசிக்கும் நாங்கள்' என்று முடித்துவிட்டு, பேனையை வைத்து, எழும்பி நடந்தேன். அக்காவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"எங்கட ஆக்கள் எத்தினை பேர் கையெழுத்து வைப்பினம்?"

"என்னோடை நாலு பேர். அதிலை ஒராள் ஆஸ்பத்திரியிலை."

"ஆஸ்பத்திரி எந்தப் பிரிவிலை?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

"இப்ப எல்லாம் ஒரு பிரிவுதானேடா" என்றார் அக்கா.